82 வயதில் சிறார் நீதிமன்றம்

2021 அக்டோபர் 26. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரச் சிறார் நீதிமன்றத்துக்கு 82 வயதான பெண்மணி ஒருவர் மனு கொடுக்க வருகிறார். அவர் உள்ளே போகும்போது சுற்றி நிற்பவர்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். பேரனுக்காகவோ கொள்ளுப்பேத்திக்காகவோ அவர் வரவில்லை. அங்கே அவர் பெயரிலேயே ஒரு வழக்குக் கோப்பு இருக்கிறது. 15 வயதில் போட்ட வழக்கு. 66 வருடம் கழித்து அதை நீக்கச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறார்.

அவர் பெயர் கிளாடெட் கோல்வின்.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம். கோல்வின் யாரென்று ஓரளவு தெரியும். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்ததற்கு ஒன்பது மாதம் முன்னாடியே, அதே ஊரில், அதே காரியத்தைச் செய்தவர். 2009இல் ஃபிலிப் ஹூஸ் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நாடே அவர் செய்தது சரி என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் எதற்கு இந்த வயதில் நீதிமன்றப் படியேறி ஒரு பழைய கைதுப் பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்கிறார்? அதுதான் அவருடைய பெருமைக்கே சாட்சி இல்லையா?

அந்தக் கேள்வியோடுதான் பழைய கதைக்குத் திரும்பிப் போனேன். போன பிறகு, கேள்வியே தப்பு என்று தெரிந்தது.

*

மாண்ட்கோமரி பேருந்துகளில் முன்னால் பத்து இருக்கைகள் வெள்ளையர்களுக்கு. கறுப்பினத்தவர் யாரும் அதில் உட்காரக் கூடாது, காலியாகவே போனாலும். பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருக்கும் இருக்கைகள் ஓட்டுநர் இஷ்டம். வெள்ளையர் கூட்டம் கூடினால் நடுவில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினத்தவர் எழ வேண்டும். ஒரே ஒரு வெள்ளையருக்கு இடம் தேவைப்பட்டாலும் அந்த வரிசை முழுவதும் காலியாக வேண்டும். கறுப்பர் ஒருவர் பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ சமமாக உட்கார்ந்திருக்கும் வரிசையில் வெள்ளையர் உட்கார மாட்டார். இவ்வளவுக்கும் அந்த ஊர்ப் பேருந்தில் காசு கொடுத்து ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்தான்.

1955 மார்ச் 2. பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிறார் கிளாடெட். நடுப்பகுதியில் ஒரு வரிசையில் நாலு மாணவிகள். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நிற்கிறார். ஓட்டுநர் எழச் சொல்கிறார். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். கிளாடெட் எழவில்லை. அதற்கு முந்தின வாரங்களில்தான் பள்ளியில் கறுப்பின வரலாறு நடத்தியிருந்தார்கள். ஹாரியட் டப்மன் ஒரு தோளையும் சோஜர்னர் ட்ரூத் இன்னொரு தோளையும் பிடித்து அமுக்கியது போல இருந்தது என்று பின்னாளில் அவர் சொல்வார். ‘இது என் அரசியலமைப்பு உரிமை’ என்று அன்றைக்குக் கத்தியதும் அவருக்கு ஞாபகமிருந்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கைவிலங்கு. சிறார் காப்பகத்துக்குக் கொண்டுபோகவில்லை, பெரியவர்களை அடைக்கும் நகரச் சிறையில் வைத்துப் பூட்டினார்கள். அம்மாவும் தேவாலயப் போதகரும் வந்து ஜாமீனில் எடுத்தார்கள். அன்றிரவு அப்பா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அந்த ஊரில் கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரை எதிர்த்தால் இரவில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

கிளாடெட்டுக்கும் தெரியும். அவர் படித்த பள்ளியின் மாணவர் ஜெரமையா ரீவ்ஸ். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக 1952இல், 16 வயதில் கைதாகி மரணதண்டனை விதிக்கப்பட்டவர். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று அவர் கடைசிவரை சொன்னார். 1958இல் மின்நாற்காலியில் கொன்றார்கள். ஒரு கறுப்பினச் சிறுவன் மேல் நீதிமன்றம் என்ன எழுதினாலும் அது நிற்கும் என்பதைக் கிளாடெட் தன் பள்ளிக்கூடத்திலேயே பார்த்து வளர்ந்தவர்.

*

இனிமேல்தான் முக்கியமான இடம். கோல்வின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் இடமும் இதுதான்.

கிளாடெட் மீது மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, பொது அமைதியைக் குலைத்தது. இரண்டு, பேருந்தில் நிறப்பிரிவினைச் சட்டத்தை மீறியது. மூன்று, கைது செய்ய வந்த போலீஸ்காரரைத் தாக்கியது. எதிர்த்து அடிக்கவில்லை, உடம்பைத் தளரவிட்டேன், அவ்வளவுதான் என்பது கிளாடெட் சொன்னது. உதைத்தாள், பிறாண்டினாள் என்பது போலீஸ் சொன்னது.

அவருக்காக வாதாடியவர் ஃப்ரெட் கிரே. வயது 24. வழக்கறிஞராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறப்பிரிவினையை நீதிமன்றத்தில் உடைக்க ஒரு வழக்குக்காகக் காத்திருந்தவர். அந்த வருட மார்ச்சில் சிறார் நீதிமன்றம் மூன்று குற்றச்சாட்டிலும் கிளாடெட்டைக் குற்றவாளி என்றது. கிரே மேல்முறையீடு செய்தார். மே மாதம் மேல்நீதிமன்றம் மூன்றில் இரண்டைத் தள்ளுபடி செய்தது.

கேட்க நல்ல செய்தி மாதிரிதானே இருக்கிறது? எந்த இரண்டு என்று பாருங்கள். பிரிவினைச் சட்டத்தை மீறியதும் அமைதியைக் குலைத்ததும் போய்விட்டன. போலீஸைத் தாக்கியது மட்டும் நின்றது.

பிரிவினைச் சட்டத்தின் கீழ் அவருக்குத் தண்டனை இருந்திருந்தால், அந்தச் சட்டமே செல்லாது என்று மேலே மேலே போயிருக்கலாம். அந்தக் குற்றச்சாட்டு போனதும் சட்டத்தை எதிர்க்கிற வழியும் அதோடு போனது. மிச்சம் இருந்தது, போலீஸ்காரரை அடித்த ஒரு சிறுமி. கோப்பைத் திறந்து பார்க்கிறவருக்குப் பேருந்து தெரியாது, இருக்கை தெரியாது, எழச் சொன்ன ஓட்டுநர் தெரியமாட்டார். அடிதடி கேஸ். கூடவே, காலவரம்பு சொல்லப்படாத நன்னடத்தைக் கண்காணிப்பு.

நீதிபதி திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் விளைவு அதுதான். அநியாயமான சட்டம் பதிவிலிருந்து வெளியேறிவிட்டது. பதிவு மட்டும் தங்கிவிட்டது.

*

மாண்ட்கோமரியின் கறுப்பினத் தலைவர்கள் கிளாடெட்டின் வழக்கைக் கையிலெடுப்பதா என்று யோசித்தார்கள். அவருக்கு நடந்ததற்காக நகர அதிகாரிகளிடம் பேசப் போன குழுவில், அப்போதுதான் அந்த ஊருக்குப் போதகராக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங்கும் இருந்தார். ரோசா பார்க்ஸ் கிளாடெட்டுக்காக நிதி திரட்டினார், தன் இளைஞர் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆனால் ஊரையே திரட்டும் அளவுக்கு அந்த வழக்கு போகவில்லை. வயது 15. ஏழைக் குடும்பம். ரொம்பக் கறுப்பு. சட்டென்று உணர்ச்சிவசப்படுகிற பெண். அந்தக் கோடையில் கர்ப்பமானார், திருமணம் ஆகவில்லை. கூடவே போலீஸை அடித்த வழக்கு. பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தச் சரியான ஆள் இல்லை என்று ஆகிவிட்டது.

டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ் கைதானார். மற்றது நமக்குத் தெரியும். 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு, கிங், புகைப்படங்கள், பாடப்புத்தகம்.

நமக்கு அவ்வளவாகத் தெரியாதது, பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி உடைத்தது பார்க்ஸின் வழக்கு இல்லை என்பது. பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றங்களில் வருடக்கணக்காக இழுபடும் என்று கிரேவுக்குத் தெரியும். அதனால் 1956 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்குப் போட்டார். ‘பிரவுடர் எதிர் கேல்’. கடைசிவரை நின்ற வாதிகள் நாலு பெண்கள்: அவ்ரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். முன்னால் நிறுத்த லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பெண், இப்போது கைக்குழந்தைக்காரி, மே மாதம் மூன்று நீதிபதிகள் முன்னால் ஏறிச் சாட்சி சொன்னார். புறக்கணிப்பை யாரோ தூண்டிவிட்டதாகக் காட்ட நகரத்தின் வழக்கறிஞர் தலைவர் யாரென்று கேட்டார். எங்கள் தலைவர்கள் நாங்களேதான் என்கிற மாதிரி பதில் சொன்னார் கிளாடெட்.

ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பேருந்துப் பிரிவினை அரசியலமைப்புக்கு எதிரானது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 21 அன்று மாண்ட்கோமரியில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றானது.

எந்தச் சட்டத்தால் கைதானாரோ அந்தச் சட்டத்தை உடைத்த வழக்கில் அவர் ஒரு வாதி. ஜெயித்தார். ஆனால் அவருடைய சொந்தப் பதிவு அசையவில்லை. அதில் இருப்பது பிரிவினைக் குற்றம் இல்லையே, தாக்குதல்தானே. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மே 1955இல் மேல்நீதிமன்றம் செய்த காரியத்தின் முழு அர்த்தமும் இங்கேதான் எனக்குப் புரிந்தது.

*

கோல்வினுக்கு அந்த ஊரில் வேலை கிடைப்பது கஷ்டமானது. தகராறு பிடித்த பெண் என்று பெயர். 1958இல் நியூயார்க் போனார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக, பெரும்பாலும் இரவு வேலையில், முப்பது வருடங்களுக்கு மேல் இருந்து 2004இல் ஓய்வு பெற்றார். கூட வேலை செய்தவர்களிடம் தன் கதையைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் எப்போதாவது சொந்த ஊருக்குப் போனால் உறவுக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஏன் தெரியுமா? அந்த நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று நீதிமன்றத்திலிருந்து யாருமே அவரிடம் சொல்லவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை. சட்டப்படி எப்போதோ காலாவதி ஆகியிருக்கலாம். ஆனால் ஜெரமையா ரீவ்ஸைப் பார்த்த ஊர் அது. ‘ஆகியிருக்கலாம்’ என்பதை நம்பி யார் தைரியமாகத் திரிவார்கள்? நாம் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் அந்தக் குடும்பம் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

முதலில் என் கேள்வியே தப்பு என்றேன் இல்லையா, இதனால்தான். அந்தப் பதிவை நான் வரலாற்று ஆவணமாகப் பார்த்தேன். அவர்களுக்கு அது நடப்பில் இருக்கிற ஒரு காகிதம்.

*

பழைய அநீதியான கைதுகளை என்ன செய்வது என்ற கேள்வி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பலமுறை வந்திருக்கிறது. பொதுவாக மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு.

முதலாவது, மன்னிப்பு. 2006இல் அலபாமா ‘ரோசா பார்க்ஸ் சட்டம்’ என்று ஒன்று கொண்டுவந்தது. பிரிவினைச் சட்டங்களை மீறித் தண்டனை பெற்றவர்களோ அவர்கள் குடும்பத்தினரோ கேட்டால் மன்னிப்பு கொடுக்கப்படும். போராட்டக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தப்பு செய்தவருக்குத்தானே மன்னிப்பு, நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இரண்டாவது, தீர்ப்பையே ரத்து செய்வது. தென் கரோலினாவில் ராக் ஹில் என்று ஓர் ஊர். 1961 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு கடையின் வெள்ளையர் மட்டும் சாப்பிடும் மேசையில் கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்து கைதானார்கள். நூறு டாலர் அபராதம் அல்லது முப்பது நாள் கடுங்காவல். ஒன்பது பேர் அபராதம் கட்ட மாட்டோம் என்று சிறைக்குப் போனார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஃப்ரெண்ட்ஷிப் கல்லூரி மாணவர்கள். அதனால் ‘ஃப்ரெண்ட்ஷிப் ஒன்பது’ என்று பெயர். 2015 ஜனவரி 28 அன்று அதே ஊர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ரத்து செய்த நீதிபதி ஜான் ஹேய்ஸ், 1961இல் தண்டனை கொடுத்த நீதிபதியின் உறவினர், அண்ணன் தம்பி மகன் முறை. அன்றைக்கு அவர்களுக்காக வாதாடித் தோற்ற எர்னஸ்ட் ஃபின்னி, இடையில் அந்த மாநிலத் தலைமை நீதிபதியாகவே இருந்து ஓய்வு பெற்றவர், முதுமையில் மறுபடி எழுந்து நின்று அதே வழக்கில் மனு வைத்தார். அரசு வழக்கறிஞர் மன்னிப்புக் கேட்டார். வரலாற்றைத் திருத்தி எழுத முடியாது, நேர்செய்ய முடியும் என்கிற பொருளில் நீதிபதி பேசினார்.

இந்த வழியில் காகிதம் அப்படியே இருக்கும். அதன் மேல் ‘இது தப்பு’ என்று இன்னொரு காகிதம் வரும். வரலாறு படிக்கிற எனக்கு இதுதான் பிடித்த வழி. எதுவும் தொலையவில்லை.

மூன்றாவது வழி, பதிவு நீக்கம். கோல்வின் கேட்டது இது. நடந்ததாகவே இனி அரசு சொல்லக் கூடாது. சிறார் வழக்குகளில் பல நாடுகளில் இது உண்டு. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவு, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு ஒரு சிறாரின் தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது, சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. பதினைந்து வயதில் நடந்தது ஐம்பது வயதில் துரத்தக் கூடாது என்பதுதான் அதன் எண்ணம். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போது நம்மூரில் வீட்டில் எப்படிப் பதறுவார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

*

கோல்வினின் மனுவை மாண்ட்கோமரி மாவட்ட அரசு வழக்கறிஞரே ஆதரித்தார். எதிர்ப்பு இல்லை. அந்தச் சிறார் நீதிமன்றத்தின் நீதிபதி கால்வின் வில்லியம்ஸ் நவம்பர் மாதம் ஆணையில் கையெழுத்திட்டார், டிசம்பரில் செய்தி வெளியானது. வில்லியம்ஸ் கறுப்பினத்தவர். 1955இல் கிளாடெட் நின்றபோது அந்த ஆசனத்தில் ஒரு கறுப்பினத்தவர் உட்காருவதை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

மனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் கோல்வின் காரணத்தை எளிமையாகச் சொல்லியிருந்தார். தனக்கு வயதாகிவிட்டது, இந்தப் பதிவு நீங்கினால் பேரப்பிள்ளைகளுக்கும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்கும் அது ஒரு அர்த்தம் தரும், மற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கும் தரும். மன்னிப்பு, நஷ்டஈடு, விழா எதையும் அதில் அவர் கேட்கவில்லை.

இனி அந்தக் கோப்பு இல்லை. ஒரு வரலாற்று வாசகனாக எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ரோசா பார்க்ஸின் கைரேகை அட்டை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ‘பிரவுடர் எதிர் கேல்’ வழக்கில் தாக்கல் செய்த ஆவணங்களோடு சேர்த்து. பள்ளிக் குழந்தைகளுக்கு அதைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். கோல்வினுடையதையும் அப்படி வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

பிறகு யோசித்தேன். கோல்வின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் இருக்கிறது. தன் வாயால் சொன்ன கதை புத்தகமாக இருக்கிறது. அவர் இல்லாமல் போயிருந்தால் திருமதி பார்க்ஸுக்குப் பின்னால் அவ்வளவு ஆதரவைத் திரட்டியிருக்க முடியுமா என்று சந்தேகம்தான் என ஃப்ரெட் கிரே சொன்னதும் பதிவாகியிருக்கிறது. போனது ஒன்றே ஒன்று: போலீஸைத் தாக்கிய சிறுமி என்று அரசு எழுதி வைத்திருந்த வரி. அது வரலாற்றுக்கு உதவியதா என்று கேட்டால், அதில் பேருந்துகூட இல்லையே. பேருந்தை எடுத்துவிட்டுத்தானே அதை வைத்திருந்தார்கள்.

மன்னிப்பு, ரத்து, நீக்கம் என்ற மூன்றில் எது சிறந்தது என்று வெளியிலிருந்து நாம் விவாதிக்கலாம். ராக் ஹில் ஆட்கள் வளர்ந்த மாணவர்கள், தெரிந்தே சிறைக்குப் போனவர்கள். தீர்ப்பு உடைந்ததும் அவர்களுக்கு அந்தக் கைது ஒரு பதக்கம். கோல்வின் பள்ளிப் பையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தை. தன்னைப் பற்றிய எந்தக் காகிதம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு 66 வருடம் கழித்துத்தான் வந்தது. வந்ததும் சொன்னார்.

ஆணை வந்த பிறகு, இனிமேல் நான் சிறார் குற்றவாளி இல்லை என்று சிரித்தபடி சொன்னாராம். அப்போது அவருக்குக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.